ஸ்னூக்கர் எங்கே பிறந்தது, எப்படி ஆடுவது, எதை வாங்குவது?

கேள்வி: டிவியில் ஸ்னூக்கர் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஆட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் விதிகள் முழுசாகப் புரியவில்லை. இது ஊட்டியில் பிறந்த ஆட்டம் என்கிறார்களே, உண்மையா? பில்லியர்ட்ஸ், பூல் இவற்றிலிருந்து எப்படி மாறுபடுகிறது? புதிதாக ஆடப் போகிறவர் என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்:

ஊட்டிக் கதை பாதி உண்மை. ஆட்டம் உருவானது ஜபல்பூரில், 1875-ல். அதற்கு விதி எழுதி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது ஊட்டியில், சில வருடம் கழித்து. நீலகிரி உரிமை கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் பிறந்த வீடு வேறு.

ஜபல்பூரில் அப்போது டெவன்ஷயர் ரெஜிமென்ட் முகாமிட்டிருந்தது. மழைக்காலத்தில் வெளியே போக வழியில்லாமல் அதிகாரிகள் மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியே பொழுதை ஓட்டினார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள்தான் அதிகம். 'பிரமிட்ஸ்' என்றால் 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, பாக்கெட்டில் போடும் ஒவ்வொரு பந்துக்கும் காசு. 'லைஃப் பூல்' என்றால் ஆளுக்கொரு நிறப் பந்து. உங்கள் பந்தை அடுத்தவர் பாக்கெட்டில் தள்ளினால் உங்களுக்கு ஓர் உயிர் போகும், கூடவே காசும் போகும். அதிலேயே ஒரு கறுப்புப் பந்தைச் சேர்த்துப் பந்தயத்தைச் சூடாக்கியது 'பிளாக் பூல்'. நெவில் சேம்பர்லேன் என்ற பத்தொன்பது வயது அதிகாரி இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்தார். பிரமிட்ஸின் 15 சிவப்பு, பூல் ஆட்டத்தின் நிறப் பந்துகள், நிறத்துக்கு ஒரு மதிப்பு. முதலில் எல்லா நிறமும் இல்லை. நீலமும் பழுப்பும் பிற்பாடு சேர்ந்தவை. (இவர் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லேன் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.)

பெயர் வந்த கதையை அவரே 1938-ல் 'தி ஃபீல்ட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். உல்விச் ராணுவ அகாதமியில் முதல் வருட மாணவர்களை 'ஸ்னூக்கர்' என்று கூப்பிடுவார்களாம். அதை ஓர் இளம் அதிகாரி மெஸ்ஸில் சொல்லப்போக, கொஞ்ச நேரத்தில் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட, 'நீ சரியான ஸ்னூக்கர்' என்று சேம்பர்லேன் கத்தியிருக்கிறார். பிறகு அவர் மனம் நோகக் கூடாதென்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே கத்துக்குட்டிகள்தான், ஆட்டத்துக்கே அந்தப் பெயரை வைப்போம் என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊட்டிக்கு வருவோம். ஆப்கன் போரில் காயம்பட்ட சேம்பர்லேன், அப்புறம் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக 1881-ல் பொறுப்பேற்ற ஃபிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்தார். வெயில் காலம் வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே மலையேறிவிடும் காலம் அது. கவர்னர், தளபதி, அவர்களுடைய பரிவாரம் எல்லோரும் ஊட்டியில். மாலை நேரத்துக்கு ஊட்டி கிளப். அங்கேதான் இந்த ஆட்டம் சூடு பிடித்தது. 1882 வாக்கில் விதிகள் எழுதப்பட்டு அந்த கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பலர் கவனிப்பதில்லை. மெஸ்ஸில் ஆளாளுக்கு மாற்றி மாற்றி ஆடிய ஒரு பந்தய விளையாட்டு, எழுதிவைத்த விதி வந்த பிறகுதான் ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. ஊட்டியில் ஆடிப் பழகியவர்கள் மாற்றலாகிப் போன இடமெல்லாம் அதே விதியோடு ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். இன்றும் அந்த அறை அங்கே இருக்கிறது. ஆனால் அது உறுப்பினர்களுக்கான கிளப்; ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர் நேரே உள்ளே போய்ப் பார்த்துவிட முடியாது.

1885-ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தா வந்தபோது சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் மூலம் ஆட்டம் கப்பலேறியது. ஆனாலும் இங்கிலாந்தில் வெகுநாள் இதைப் பெரிய மனிதர்கள் மதிக்கவில்லை. பில்லியர்ட்ஸ்தான் கலை, இது பொழுதுபோக்கு என்ற எண்ணம். அதை மாற்றியவர் ஜோ டேவிஸ். அவர் முன்கை எடுத்து நடந்த முதல் தொழில்முறை உலகப் போட்டியில் 1927-ல் அவரே ஜெயித்தார். பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். நுழைவுக் கட்டணத்தில் வந்த பணத்தின் ஒரு பகுதியில் வாங்கிய அந்தக் கோப்பையைத்தான் இன்றும் ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் உலக சாம்பியன் தூக்கிக்காட்டுகிறார். 1946 வரை 15 தடவை ஜோ டேவிஸ் ஜெயித்தார், ஒரு தடவைகூட தோற்காமல் ஒதுங்கினார். பிறகு கொஞ்ச காலம் ஆட்டம் தேய்ந்துபோய், 1969-ல் பிபிசி அதை வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது மறுபடி எழுந்தது. வண்ணத் தொலைக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது? 'பாட் பிளாக்' என்ற அந்த நிகழ்ச்சிதான் ஸ்னூக்கரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 1977 முதல் உலகப் போட்டி க்ரூசிபிளிலேயே நடக்கிறது.

சரி, வரலாறு போதும். மேஜைக்குப் பக்கத்தில் வாருங்கள். இந்த ஆட்டத்தை ஆக்கியிருப்பது அதன் சாமான்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

முழு அளவு மேஜையை 12 அடிக்கு 6 அடி என்பார்கள். உள்ளே பந்து ஓடும் பரப்பு 11 அடி 8½ அங்குல நீளம், 5 அடி 10 அங்குல அகலம். பச்சைத் துணியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மரம் இருக்காது; ஸ்லேட் கல் இருக்கும். பெரும்பாலும் ஐந்து பலகைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு அங்குல கனம், பக்கத்தில் பக்கமாக இணைத்து இடுக்கு தெரியாமல் பூசியிருப்பார்கள். மேஜை ஒரு டன்னைத் தாண்டும். அதனால்தான் எட்டுக் கால்கள். மரப்பலகை ஈரத்துக்கு வளையும், கல் வளையாது. லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-ல் ஸ்லேட் மேஜை செய்ய ஆரம்பித்தார். அடுத்த பத்தாண்டில் மேஜையின் உள்விளிம்பான குஷனில் ரப்பர் வைத்தார். முதலில் வந்த ரப்பர் குளிரில் கல்லாகிவிடும், சூடு காட்ட வேண்டியிருந்தது. வல்கனைஸ் செய்த ரப்பர் வந்த பிறகுதான் பந்து எப்போதும் ஒரே மாதிரி திரும்பி வந்தது. கல்லும் ரப்பரும் நம்பகமாக இல்லாதவரை பந்து எங்கே போய் நிற்கும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. கணக்குப் போட முடியாத இடத்தில் ஸ்னூக்கர் கிடையாது.

துணி கம்பளி. அதற்கு ஒரு ரோம வாட்டம் உண்டு, 'நாப்' என்பார்கள். மஞ்சள், பச்சைப் பந்துகள் இருக்கும் பாக் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து பக்கம் நோக்கி அது படுத்திருக்கும். கையால் அந்தத் திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் சொரசொரக்கும். நல்ல கிளப்பில் காலையில் மார்க்கர், அதாவது மேஜையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், வேலை செய்வதை ஒருமுறை நின்று பாருங்கள். பாக் பக்கத்திலிருந்து நீளமாக, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் பிரஷ் போடுவார். மறுபடி பாக் பக்கம் வந்து அடுத்த வரிசை. குறுக்கே தேய்க்கவே மாட்டார். பிறகு மிதமான சூட்டில், பளுவான இஸ்திரிப் பெட்டியை அதே திசையில் இழுத்து வருவார். அடிக்கும் கோலின் முனையில் பூசும் சாக் தூள், கைவேர்வை, துணியில் அடங்கியிருந்த ஈரம் எல்லாம் போய்ப் பந்து தடையில்லாமல் ஓடும். மெதுவாக அடிக்கும் பந்தில் இந்த வாட்டம் நன்றாகவே தெரியும். வலப்பக்க சுழற்சி கொடுத்து வாட்டத்தோடு அடித்தால் பந்து போகப் போக வலப்பக்கம் சாயும். வாட்டத்துக்கு எதிராக அடித்தால் எதிர்ப்பக்கம் சாயும். பூல் மேஜைத் துணியில் பெரும்பாலும் இந்த நாப் இருக்காது. பூல் ஆடிப் பழகியவர் முதல் வாரம் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரம் என்றதும் சென்னையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலோர ஊரில் கம்பளித் துணி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பந்து கனத்த மாதிரி ஓடும், குஷனிலிருந்து வேறு கோணத்தில் வரும். உலகப் போட்டி மேஜைகளில் கல்லுக்கு அடியில் மின் ஹீட்டரே வைத்திருப்பார்கள். நம் ஊர் ஸ்னூக்கர் பார்லரில் அதை எதிர்பார்க்க முடியாது. ஏசியை நாள் முழுக்க ஓடவிடும் இடமாகப் பார்த்து ஆடுங்கள். மழை நாளில் உங்கள் ஆட்டம் கெட்டால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

பந்துகள் மொத்தம் 22. ஒவ்வொன்றும் 52.5 மில்லிமீட்டர் விட்டம். இன்று இவை பீனாலிக் ரெசினில் வார்த்தவை. பெல்ஜியத்தின் 'அராமித்' பந்துகளைத்தான் பெரும்பாலும் எங்கும் பார்ப்பீர்கள். 19-ம் நூற்றாண்டில் இவை யானைத் தந்தம். தந்தத்தின் நடுவே ஓடும் நரம்புத் துளை பந்தின் சரியான மையத்தில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஒரு தந்தத்தில் நல்ல பந்து சிலதான் தேறும். பில்லியர்ட்ஸுக்கு மூன்று பந்து போதும், ஸ்னூக்கருக்கு 22. எத்தனை யானைகள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. 1860-களில் அமெரிக்காவின் ஒரு பில்லியர்ட்ஸ் நிறுவனம் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. அந்தத் தேடலில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாட்தான் செல்லுலாயிடைத் தொழில்முறையில் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் யுகத்தின் ஆரம்பத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இருக்கிறது. செயற்கைப் பந்து மலிவாகக் கிடைக்காமல் இருந்திருந்தால், 22 பந்து தேவைப்படும் இந்த ஆட்டம் சாதாரண மனிதர்களின் கூடங்களுக்கு வந்தே இருக்காது.

மற்ற ஆட்டங்களோடு வித்தியாசம் கேட்டீர்கள். பில்லியர்ட்ஸ் இதே மேஜையில், மூன்றே பந்தில் ஆடுவது. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டாலும் புள்ளி, தொட்டுவிட்டு பாக்கெட்டில் விழுந்தாலும் புள்ளி. பூல் சின்ன மேஜை, 57 மில்லிமீட்டர் பெரிய பந்து. அதன் பாக்கெட் வாய் நேராக வெட்டியிருக்கும். ஸ்னூக்கர் பாக்கெட்டின் ஓரங்கள் உருண்டையாக வளைந்து, வாய் ஏறக்குறைய மூன்றரை அங்குலம்தான். கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் பந்தை வெளியே துப்பிவிடும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவப்பு ஒன்றுக்கு 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. முதலில் ஒரு சிவப்பைப் போட வேண்டும், பிறகு ஏதாவது ஒரு கலர், மறுபடி சிவப்பு, மறுபடி கலர். போட்ட சிவப்பு உள்ளேயே இருக்கும். கலரை எடுத்து, மேஜையில் அதற்கென்று குறித்த புள்ளியில் திரும்ப வைப்பார்கள். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு மஞ்சளிலிருந்து கறுப்பு வரை மதிப்பு வரிசையில். தவறவிட்டால் எதிராளி முறை. ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே எடுத்தால் 15-ம் 105-ம் சேர்ந்து 120, கடைசி ஆறு கலருக்கு 27, ஆக 147. அந்தப் புகழ்பெற்ற எண் இதுதான். ரோனி ஓ'சல்லிவன் 1997-ல் க்ரூசிபிளில் இந்த 36 அடிகளையும் 5 நிமிடம் 8 விநாடியில் முடித்தார். அடிக்கு ஒன்பது விநாடிகூட இல்லை, அதற்குள் மேஜையைச் சுற்றி நடக்கவும் வேண்டும்.

ஃபவுலுக்குக் குறைந்தது 4, அதிகம் 7 புள்ளி எதிராளிக்கு. கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தாலும், அடிக்க வேண்டிய பந்தைத் தொடாமல் போனாலும், வேறு பந்தை முதலில் தொட்டாலும் ஃபவுல்தான். சம்பந்தப்பட்ட பந்தின் மதிப்பு 4-க்கு மேல் இருந்தால் அந்த மதிப்பே அபராதம். கறுப்பைத் தொட்டுவிட்டால் 7. எதிராளி ஃபவுல் செய்து உங்களுக்கும் வழி மறைந்திருந்தால் 'ஃப்ரீ பால்': நீங்கள் சொல்லும் வேறொரு பந்தை, அடிக்க வேண்டிய பந்தாகவே (சிவப்பு முறை என்றால் சிவப்பாக) பாவித்து அடிக்கலாம். 15 சிவப்பும் மேஜையில் இருக்கும்போது இது கிடைத்தால், கூடுதலாக ஒரு சிவப்பு கிடைத்த கணக்கு; 147-ஐயும் தாண்டலாம். ஜேமி பர்னெட் 2004-ல் ஒரு தகுதிச் சுற்றில் இப்படி 148 எடுத்தார். இன்னொரு சங்கதி: தொட முயன்றும் தொடாமல் போனால், நீங்கள் முழு முயற்சி எடுக்கவில்லை என்று நடுவர் நினைத்தால் 'மிஸ்' கொடுப்பார். எதிராளி விரும்பினால் பந்துகளை முன்பு இருந்த இடத்திலேயே வைத்து உங்களை மறுபடி அடிக்கச் சொல்லலாம்.

டிவியில் பார்க்கிறவருக்கு மிகவும் உதவும் ஒரு கணக்கு இருக்கிறது. மேஜையில் மீதமிருக்கும் சிவப்பை எட்டால் பெருக்கி 27-ஐக் கூட்டுங்கள். அதுதான் இனி எடுக்க முடிந்த அதிகபட்சம். இரண்டு சிவப்பு மீதி என்றால் 43. 44 புள்ளி பின்தங்கியவர் எல்லாப் பந்தையும் போட்டாலும் ஜெயிக்க முடியாது. எதிராளியை ஃபவுல் செய்ய வைத்தாக வேண்டும். அதற்கு என்ன வழி? வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுவே வேறொரு பந்து மறைக்கும்படி வெள்ளையைக் கொண்டுபோய் ஒளித்துவைப்பது. அப்படி மறைத்துவிட்டால் அவர் 'ஸ்னூக்கர்' ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

1985 உலக இறுதிப் போட்டியின் கடைசி ஃபிரேமை (ஃபிரேம் என்றால் ஒரு தனி ஆட்டம்) இந்தக் கணக்கோடு பாருங்கள். ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும் 17-17. நள்ளிரவு தாண்டிவிட்டது. டேவிஸ் 62, டெய்லர் 44. மேஜையில் நாலே பந்து: பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு, ஆக 22. டெய்லர் 18 பின்தங்கியிருக்கிறார். நாலையும் போட்டால் மட்டுமே வழி. தூரத்துப் பழுப்பைப் போட்டார், நீலத்தைப் போட்டார், இளஞ்சிவப்பைப் போட்டார். 59-62. கறுப்பு யாருக்கோ அவருக்கே உலகக் கோப்பை. இரண்டு பேரும் மாறி மாறித் தவறவிட்டு, டேவிஸுக்குப் பந்தின் ஓரத்தை மட்டும் தொடும் மெல்லிய வெட்டு ஒன்று கிடைத்தது. பார்க்க எளிதாகத்தான் தெரிந்தது. பந்து பாக்கெட்டைத் தவறிப் போயிற்று. டெய்லர் போட்டார், 66-62. அந்த முழு இறுதிப் போட்டியில் 0-8 என்று பின்தங்கித் தொடங்கிய டெய்லர் ஒருமுறை முன்னிலை பெற்றது அந்தக் கடைசி அடியில்தான். பிரிட்டனில் ஒரு கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்து பார்த்தார்கள்.

இப்போது ஆட்டத்தின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் பாக்கெட்டில் விழும் பந்தைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் வெள்ளையைப் பார்ப்பார்கள். ஒரு சிவப்பைப் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளை எங்கே நிற்கிறது என்பது மீதி. அது கறுப்புக்கு வசதியான கோணத்தில் நின்றால் பிரேக், அதாவது விடாமல் எடுக்கும் புள்ளித் தொடர், நீளும், குஷனில் ஒட்டிக்கொண்டால் முடிந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் கடினமான பந்தைப் போடுவது குறைவு. ஒவ்வொரு தடவையும் அடுத்த பந்து எளிதாக அமையும்படி வெள்ளையை நிறுத்திவிடுவதால்தான் பார்க்க அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது.

வெள்ளையை ஆளுவதற்கு அடிப்படை மூன்று அடி. நடுவுக்கு மேலே அடித்தால் வெள்ளை முன்னால் ஓடும், 'ஃபாலோ'. கீழே அடித்தால் பின்னால் வரும், 'ஸ்க்ரூ'. இரண்டுக்கும் நடுவே, பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி அடித்தால் 'ஸ்டன்'. நேரான அடியில் ஸ்டன் கொடுத்தால் வெள்ளை பட்ட இடத்திலேயே நின்றுவிடும். கோணமாக அடித்தால் இரண்டு பந்தும் செங்கோணத்தில் பிரியும். இரண்டும் ஒரே எடை என்பதால் வரும் விளைவு இது. இந்த 90 டிகிரியை மனத்தில் வைத்துக்கொண்டால் வெள்ளை எந்தப் பக்கம் போகும் என்பதை அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம். ஃபாலோ கொடுத்தால் அந்தக் கோட்டுக்கு முன்னால், ஸ்க்ரூ கொடுத்தால் பின்னால். இடம் வலமாகச் சுழற்சி கொடுக்கும் 'சைட்' அடியை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம் என்பேன். சைட் கொடுத்தால் வெள்ளை குறிபார்த்த கோட்டிலிருந்து லேசாக விலகும், நாப் வேறு அதை இழுக்கும். பந்து தவறியதற்குக் காரணம் கையா, குறியா, சுழற்சியா என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

வாங்கும் விஷயம். மேஜை வாங்க நினைக்க வேண்டாம். க்யூ (பந்தை அடிக்கும் கோல்) போடுவதற்குச் சுற்றிலும் ஐந்தடி இடம் விட்டால் 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும், ஒரு டன் எடை தாங்கும் தளமும் வேண்டும். பார்லரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுங்கள். பல இடங்களில் தோற்றவர் மேஜைக் காசு கொடுப்பது வழக்கம், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சொந்த க்யூ கட்டாயம் வாங்குங்கள். பார்லரில் சுவரோரம் சாய்த்துவைத்த க்யூக்கள் தினம் ஒன்று கைக்கு வரும், எடையும் முனைத் தோலான டிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். கை எதையும் பழகாது. ஸ்னூக்கர் க்யூவின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம், அல்லது மேப்பிள். ஆஷில் அம்புக்குறி மாதிரி ரேகைகள் ஓடும். அவை மேலே தெரியும்படி தினமும் ஒரே மாதிரி பிடித்தால் க்யூ எப்போதும் ஒரே விதமாக வேலை செய்யும். மேப்பிளில் ரேகை தெரியாது, சிலருக்குக் கண்ணை உறுத்தாமல் அதுவே பிடிக்கும். நீளம் 57, 58 அங்குலம், எடை 17, 18 அவுன்ஸ், முனை 9½ மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் போதும். கடையில் க்யூவை மேஜையில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து முனை வரை ஒரு கண்ணால் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். முக்கால் பங்கில் இணையும் க்யூ, நடுவில் இணையும் க்யூ இரண்டுமே நல்லதுதான். பஸ்ஸில் கொண்டுபோக வசதியானதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியில் பதித்திருக்கும் வேலைப்பாட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

அந்தக் காசை டிப்பில் போடுங்கள். பந்தைத் தொடுவது அந்தச் சின்னத் தோல் துண்டு ஒன்றுதான். தோல் டிப்பை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மிங்கோ என்பவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதற்கு முன் வெறும் மரமுனை. நடுவை விட்டுக் கொஞ்சம் விலகி அடித்தாலும் வழுக்கிவிடும், ஸ்க்ரூ என்பதே நடக்காது. உங்கள் டிப் உருண்டையாக இருக்க வேண்டும், ஓரம் பித்தளை வளையத்தைத் தாண்டிப் பிதுங்கக் கூடாது, மேல்பக்கம் பளபளத்துப் போயிருந்தால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். தேய்ந்தால் மாற்றிவிடுங்கள், அதிகம் செலவில்லை. புது டிப் சில நாள் ஆடிய பிறகுதான் படியும். போட்டிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். சாக் ஒவ்வொரு அடிக்கும் முன்னால். டிப்பைச் சாக்கின் குழிக்குள் வைத்துத் திருகக் கூடாது, பூசுவதுபோல் ஓரத்திலிருந்து ஓரம் தடவ வேண்டும். க்யூவை ஈரமில்லாத துணியால் துடைத்து உறையில் வையுங்கள். காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போனால் மரம் வளைந்துவிடும்.

கண்ணாடி போடுகிறவராக இருந்தால் ஒரு விஷயம். குறிபார்க்கும்போது தாடை க்யூவைத் தொடும் அளவுக்குக் குனிவீர்கள், கண் லென்ஸின் மேல்விளிம்பு வழியாகப் பார்க்கும். சாதாரண ஃபிரேம் அங்கே மறைக்கும். டென்னிஸ் டெய்லர் போட்டிருந்த அந்தப் பெரிய, மேலே தூக்கிய கண்ணாடி இதற்காகவே செய்தது. உங்கள் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொன்னால் உயரமான ஃபிரேமாகப் பார்த்துத் தருவார்.

எட்டாத பந்துக்கு மேஜையடியில் ரெஸ்ட் என்ற, க்யூவைத் தாங்கும் கோல் இருக்கும். நடுவில் பந்து மறித்தால் உயரமான ஸ்பைடர். அதைக் கையில் எடுக்கக் கூச்சப்படாதீர்கள். உலக சாம்பியன்களும் தினம் ரெஸ்ட் வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள்.

கற்றுக்கொள்வதற்கு உங்கள் ஊரிலேயே ஆட்கள் கிடைப்பார்கள். பழைய கிளப்புகளின் மார்க்கர்கள் பலர் அருமையான ஆட்டக்காரர்கள். வயதான ஒரு மார்க்கர் பக்கத்தில் நின்று உங்கள் முழங்கையைத் திருத்திவிட்டால் அது பெரிய பாக்கியம். நம் நாட்டுக்கு இந்த மேஜையில் பெரிய பெயரும் உண்டு. வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். பக்கத்து நாடான இலங்கையின் லாஃபீரும் 1973-ல் பம்பாயில் அதே பட்டத்தை வென்றார். ஓம் அகர்வால் 1984-ல் டப்ளினில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சாம்பியன். பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2003-ல் அதை வென்று, பிறகு ஸ்னூக்கரிலும் பில்லியர்ட்ஸிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைக் குவித்திருக்கிறார். நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில், ஹாங்காங்கின் அனுபவசாலி இங் ஆன் யீயை வீழ்த்தி மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றதை எவ்வளவு கொண்டாடினாலும் தகும்.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதற்கு எதிராளியும் வேண்டாம், வேறு பந்தும் வேண்டாம். மேஜையை காலி செய்யுங்கள். வெள்ளையைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு மூன்றின் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டிலேயே வெள்ளையை அடித்து, எதிர் குஷனில் பட்டு, அதே புள்ளிகள் மேல் திரும்பி வந்து உங்கள் டிப்பையே தொட வேண்டும். அடித்த பிறகு எழாதீர்கள், க்யூவை முன்னால் நீட்டியபடி அப்படியே இருங்கள். வெள்ளை வலப்பக்கம் ஒதுங்கித் திரும்பி வந்தால், நடுவில் அடித்ததாக நீங்கள் நினைத்தாலும் வலப்பக்கம்தான் அடித்திருக்கிறீர்கள். இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். முதலில் மெதுவாக, நேராக வர ஆரம்பித்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். தினம் ஆட்டம் தொடங்கும் முன் கால்மணி நேரம் இதைச் செய்யுங்கள். பத்துக்கு எட்டு தடவை டிப்புக்கே வர ஆரம்பித்தால், நீலத்தை அதன் புள்ளியில் வைத்து நடுப் பாக்கெட்டுக்கு நேராக ஸ்டன் அடி பழகத் தொடங்கலாம்.